பெட்ரோல் கார் ஐடிலில் அதிர்கிறதா, அடங்குகிறதா? காற்றுப் பாதையில் எங்கே கை வைப்பது

வண்டியை சர்வீஸுக்கு விட்டால் பில்லில் 'த்ராட்டில் பாடி கிளீனிங்' (என்ஜினுக்குள் காற்றை விடும் தட்டு உள்ள பாகத்தைச் சுத்தம் செய்வது) என்று ஒரு வரி பெரும்பாலும் வந்துவிடுகிறது. அது தேவைப்படும் வண்டியும் உண்டு, தேவையே இல்லாத வண்டியும் உண்டு. எது எது என்று கண்டுபிடிக்க, வண்டி எப்போது முரண்டு பிடிக்கிறது என்று கொஞ்சம் கவனித்தாலே போதும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இங்கே சொல்வது சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் என்ஜினுக்கு, அதாவது சிலிண்டருக்கு வெளியே காற்றுப் பாதையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகைக்கு. ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10, எடியோஸ் வகையறா. டீசலும் டிஎஸ்ஐ மாதிரியான டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களும் வேறு கதை, அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

அடிப்படை இதுதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஈசியூ (என்ஜினை நடத்தும் கணினி) உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றுகிறது. காற்றுப் பக்கம் மூன்று விதமாகக் கெடலாம்: வழியில் அடைப்பு, வழியில் கசிவு, அளக்கும் சென்சாரில் தப்புக் கணக்கு. அடைப்புக்கும் தப்புக் கணக்குக்கும் சுத்தம் செய்வது மருந்து. கசிவுக்கு எத்தனை டப்பா ஸ்ப்ரே அடித்தாலும் பயனில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் கழுவுவதில்தான் காசும் நேரமும் போகிறது.

முதலில்: இது காற்றுப் பிரச்சினைதானா?

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி, லைட் எல்லாம் அணைத்து, நியூட்ரலில் விட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அது 700 முதல் 850-க்குள் நிற்கும்.

முள் ஆடாமல் நிற்கிறது, ஆனால் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்கின்றன என்றால் என்ஜின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் ஓரளவு அதிர்வு பிறவிக் குணம், அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

சீரான இடைவெளியில் தட்டுவது போல மிஸ்ஸிங் அடித்து, சைலன்சரிலும் அதே தாளத்தில் புகை விட்டு விட்டு வந்தால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கேனரில் (ஈசியூ பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும் கருவி) பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு பிழைக் கோடு (code) வந்திருக்கும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், அப்புறம் இன்ஜெக்டர். செக் என்ஜின் லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அதன் விலைக்கு நான்கு காயில் வாங்கலாம்.

முள்ளே ஏறி இறங்குகிறது, அல்லது எல்லா சிலிண்டரும் சேர்ந்து மந்தமாக இருக்கிறது, அல்லது சிக்னலில் வண்டி அடங்கிவிடுகிறது என்றால் காற்றுப் பக்கம் வரலாம்.

ஒரு சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ரொம்ப உதவி. போனில் ஆப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாமலும் முக்கால்வாசி வேலை நடக்கும்.

சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் முள் 500-க்குக் கீழே விழுகிறது, ஏசி போட்டால் ஆஃப் ஆகிறது

இது த்ராட்டில் பாடியில் கார்பன் பிடித்ததன் பாடப்புத்தக அறிகுறி. ஐடிலில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அதன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாகத்தான் காற்று போகிறது. என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அந்த விளிம்பில் படிந்து, தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாக இறுகும். வேகமாகப் போகும்போது தட்டு அகலத் திறப்பதால் எதுவும் தெரியாது. நின்றால்தான் மூச்சு முட்டும். ஏசி கம்ப்ரஸர் சேர்ந்தால் சுமை கூடும், ஈசியூ தட்டைத் திறந்து சமாளிப்பதற்குள் என்ஜின் அடங்கிவிடும். ஸ்கேனரில் பி0506 (ஐடில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு) வந்திருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

சுத்தம் செய்யும் முறை: என்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி வெளியில் காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் பைப்பின் கிளாம்ப்பைத் தளர்த்தி எடுத்தால் த்ராட்டில் தட்டு எதிரே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் கறுப்பு வளையம் இல்லையா? அப்படியே மூடிவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள். பளபளப்பாக இருப்பதைத் துடைப்பதால் ஒன்றும் ஆகாது.

கறுப்பாக இருந்தால், த்ராட்டில் பாடி கிளீனரை நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் அடித்துத் துடையுங்கள். வொர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் நூல் வேஸ்ட் வேண்டாம், இழை உதிரும். பழைய பனியன் துணி நல்லது. விளிம்பிலும் இடுக்கிலும் மென்மையான டூத்பிரஷ் போடலாம். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் தொடவே வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளின் உள்சுவரில் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். அதைக் கார்பன் என்று நினைத்துச் சுரண்டினால் ஐடில் நிரந்தரமாகக் கெடும். துணியில் கறுப்பு வருவது நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

தட்டின் பின்பக்கத்தைத் துடைக்க அதைத் திறக்க வேண்டும். கேபிள் வைத்த பழைய வண்டியில் கேபிளை இழுத்தால் போதும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் உள்ளே மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் இருக்கின்றன. சாவி ஆனில் இருக்கும்போது விரல் வைத்துத் தள்ளினால் பல் உடையலாம், தட்டு சட்டென்று மூடி விரலையும் நசுக்கலாம். பேட்டரி கழற்றிய நிலையில், கப்ளரையும் (மின் இணைப்பு) எடுத்துவிட்டு, மெதுவாகத் தள்ளுங்கள். இன்னும் நல்ல வழி, நான்கு போல்ட்டைக் கழற்றி பாடியையே கையில் எடுத்துக்கொள்வது. அப்போது கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதிது போட வேண்டும். சில வண்டிகளில் த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் பைப்பும் ஓடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வண்டிகளில் ஐடில் காற்றுக்கென்று தனி வால்வு இருக்கும், ஐஏசி என்பார்கள். தட்டு சுத்தமாக இருந்தும் வண்டி அடங்கினால் அந்த வால்வைக் கழற்றி அதன் ஊசி முனையையும் அது உட்காரும் துளையையும் துடையுங்கள். ஊசியை அழுத்தவோ திருகவோ கூடாது.

சுத்தம் செய்த பிறகு ஐடில் 1,200-க்கு மேல் நிற்கிறது

இதற்குத்தான் பலர் பதறுகிறார்கள். கார்பன் மெல்ல மெல்லப் படிந்தபோது, காற்று போதவில்லை என்று ஈசியூ தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். இப்போது அடைப்பு போய்விட்டது, பழைய பழக்கம் போகவில்லை. அதனால் காற்று மிஞ்சுகிறது.

பல வண்டிகளில் பேட்டரி நெகட்டிவைக் கால் மணி நேரம் எடுத்து வைத்தாலே கற்றது அழியும். திரும்ப மாட்டியதும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சாவியை ஆன் செய்து கொஞ்சம் விடுங்கள், அணையுங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி, லைட் எதுவும் போடாமல் ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை சுற்றும் வரை ஐடிலில் ஓட விடுங்கள். பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். சில வண்டிகளுக்கு, குறிப்பாக ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்துக்கு, ஸ்கேனர் வைத்து த்ராட்டில் அடாப்டேஷன் கொடுத்தால்தான் சரியாகும். பேட்டரி கழற்றும் முன் மியூசிக் சிஸ்டத்துக்குக் கோடு நம்பர் உண்டா என்று கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இதையெல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் ரப்பர் பைப்பைச் சரியாக மாட்டவில்லை அல்லது ஏதோ ஒரு சின்ன ஹோஸை விட்டுவிட்டீர்கள். அதாவது கசிவு. அடுத்த பகுதி அதுதான்.

முள் தானாக ஏறி இறங்குகிறது, அல்லது ஐடில் எப்போதும் அதிகம்

பானட்டைத் திறந்து காது கொடுங்கள். 'உஸ்ஸ்' என்று சன்னமான சத்தம் வந்தால் எங்கோ அளக்காத காற்று உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவியைத் திரும்பக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் குழாய்), மேனிஃபோல்டுக்குப் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் பாகம்) போகும் சிறு ரப்பர் குழாய்கள், ஏர் பைப்பின் மடிப்புகள் இவைதான் வழக்கமான இடங்கள். என்ஜின் சூட்டில் பத்து வருட ரப்பர் அப்பளமாக நொறுங்கும். மேலாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். எலி கடித்த ஹோஸையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

சத்தம் பிடிபடவில்லை என்றால் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, ஒவ்வொரு இணைப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீரை உறிஞ்சும்போது சத்தமோ ஐடிலோ ஒரு கணம் மாறும். கப்ளர்கள் மேல் அடிக்க வேண்டாம். கார்ப் கிளீனர் அடித்துச் சோதிப்பது பலரும் செய்வதுதான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதைச் செய்வது தீயோடு விளையாட்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். கொஞ்சம் வசதியான வொர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்வார்கள், புகையை உள்ளே செலுத்தினால் கசியும் இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

பிசிவி வால்வு ஒரு சின்னப் பொருள், விலையும் குறைவு. கழற்றிக் குலுக்கினால் பல மாடல்களில் 'கிளிக் கிளிக்' என்று உள்ளே ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டியிருந்தால் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். என் கருத்தில் புதிது போடுவதே மேல். அது திறந்தபடி ஒட்டிக்கொண்டால் கசிவு போலவே நடக்கும், மூடியபடி ஒட்டிக்கொண்டால் ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. ஃபியூல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. கூட்டினாலும் குறைத்தாலும் பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் வைத்த வண்டியில், ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5-க்கு இறங்கினால் அது கசிவு. ஐடிலில் உறிஞ்சும் விசை அதிகம், மொத்தக் காற்று குறைவு, ஆகவே கசியும் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது பிளஸ் கூடிக்கொண்டே போனால் மாஃப் சென்சார் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம். இரண்டுக்கும் பி0171 (காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை) என்ற ஒரே கோடுதான் வரும், அதனால் கோடை மட்டும் நம்பிப் பாகம் வாங்காதீர்கள்.

மேப் சென்சார் வண்டியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பதால், கசிந்து வந்த காற்றையும் சேர்த்தே எண்ணி அதற்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். அதனால் ட்ரிம் ரொம்ப மாறாமல், ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். ஸ்விஃப்ட், வேகன்-ஆரில் வந்த கே சீரிஸ் பெட்ரோல் என்ஜின்களில் பல இந்த வகை.

ஐடில் நன்றாக இருக்கிறது, மிதித்தால் பிக்கப் இல்லை, ஜெர்க் அடிக்கிறது

ஏர் ஃபில்டரை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவே இல்லை என்றால் மாற்றுங்கள். பல வண்டிகளின் கையேடு 40,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்று சொல்லும். கல் குவாரி, செங்கல் சூளை, செம்மண் சாலைப் பக்கம் ஓடும் வண்டிக்குப் பாதித் தூரத்திலேயே முடிந்துவிடும். கம்ப்ரஸர் காற்று அடிப்பதானால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று. நேராகப் பக்கத்தில் வைத்து அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

'ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும்' என்பது கார்பரேட்டர் காலத்து நம்பிக்கை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் வைத்த பெட்ரோல் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. ஈசியூ காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறதே! ஆக, புது ஃபில்டர் போட்டுவிட்டு மைலேஜ் கூடவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

ஃபில்டர் பெட்டியின் அடியையும், முன்பக்கம் காற்று இழுக்கும் மூக்குக் குழாயையும் கையோடு பாருங்கள். காய்ந்த இலை, பாலிதீன் கவர், குளவி கட்டிய மண்கூடு, எலி சேர்த்த பஞ்சு எல்லாம் அங்கே கிடைக்கும். ஃபில்டர் ஈரமாகவோ பெட்டியில் தண்ணீரோ இருந்தால், வெள்ளத்தில் ஓட்டிய வண்டி என்றால், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஃபில்டர் சரி என்றால் சென்சார். மாஃப், ஃபில்டர் பெட்டிக்கு அடுத்த பைப்பில் இருக்கும், இரண்டு ஸ்க்ரூவும் ஒரு கப்ளரும். உள்ளே முடி போன்ற கம்பி அல்லது மெல்லிய தகடு சூடாக இருக்கும். போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. அதன்மேல் தூசி படிந்தால் குறைவாகக் கணக்குச் சொல்லும், பெட்ரோல் குறையும், ஜெர்க் வரும். எண்ணெய் தடவும் வகை ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டு, எண்ணெயை அதிகம் ஊற்றியவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். சோதனைக்கு, சாவியை அணைத்து, மாஃப் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் அப்போது ஒரு பொதுவான கணக்குக்குப் போய்விடும். செக் லைட் எரியும், பரவாயில்லை. கழற்றியதும் வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் சென்சார்தான் குற்றவாளி.

மாஃப் சென்சாருக்கென்று விற்கும் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். த்ராட்டில் கிளீனர், பிரேக் கிளீனர், டபிள்யூடி-40 மூன்றும் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்னும் அல்லது பிசுக்கு விட்டுப்போகும். சற்றுத் தள்ளிப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை அடித்து, தானாகக் காய விடுங்கள். துணி, பட்ஸ், விரல், கம்ப்ரஸர் காற்று எதுவும் அந்தக் கம்பியில் படக்கூடாது. அரை மணி நேரம் கழித்து மாட்டினால் நிம்மதி. சூடான பிறகு ஐடிலில் அது, 1.5 லிட்டர் என்ஜினில், நொடிக்கு சுமார் இரண்டிலிருந்து மூன்றரை கிராமுக்குள் காட்டினால் கவலை இல்லை.

மேப் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதன் மூக்கில் ஆயில் பசை இருந்தால் அதே கிளீனரை இரண்டு முறை அடித்து, கவிழ்த்து வைத்து வடிய விடுங்கள். துளைக்குள் ஊசியோ குண்டூசியோ விடாதீர்கள். சோதிப்பது சுலபம்: என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77, 78. ஸ்டார்ட் செய்து ஐடிலில் 30 முதல் 40. சென்னையில் நின்றுகொண்டு 85 காட்டினால் சுத்தம் செய்து பார்த்து, மாறாவிட்டால் புதுசு.

டீசல், டிஎஸ்ஐ

டீசல் வண்டியில் என்ஜின் ஓடும்போது இன்டேக்குக்குள் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது. அதுவே எரிபொருளாகி, சாவியை அணைத்தாலும் என்ஜின் அடங்காமல் வெறி பிடித்து ஓடும். டீசலில், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்விலிருந்து வரும் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து மேனிஃபோல்டில் தார் போல அப்பிக்கொள்ளும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இல்லை, மிதித்தால் கறும்புகை என்பது அறிகுறி. அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும், வீட்டு வேலை அல்ல.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கிறது. சாதாரண என்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகும், இங்கே அந்த வாய்ப்பு இல்லை. அதனால் வால்வில் கார்பன் ஏறி, காலையில் குளிர் ஸ்டார்ட்டில் மிஸ்ஸிங் அடித்து, சூடானதும் சரியாகிவிடும். டாங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்து எடுப்பதுதான் முறை.

எல்லாம் செய்தும் அதே அதிர்வு

பிளக், காயில், ஹோஸ், த்ராட்டில், சென்சார் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் எல்லா வேகத்திலும் ஒரு சிலிண்டர் பின்தங்குகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்ற சோதனை) போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்து காட்டினால் அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். மெக்கானிக்கிடம் போகும்போது, எந்த ஆர்பிஎம்மில், சூட்டிலா குளிரிலா, ஏசி போட்டா போடாமலா, இதுவரை எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். செய்த வேலைக்கே மறுபடி பில் போடாமல் இருக்க அது உதவும்.